குத்தி வைத்த பக்கங்கள்

டெய்லரம்மா அமெரிக்காவுக்குள் நுழைந்தது ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறை வழியாக.

அறுபது வயதுவரை அந்த நாட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான். அது தூரத்தில் இருக்கிறது, அங்கே ஒரு ஜனாதிபதி உண்டு, அவர் டி.வி.யில் விமானப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டே கையசைப்பார். அவ்வளவுதான். பள்ளிக்கூடச் சீருடை தைத்தே கண்ணும் இடுப்பும் தேய்ந்துபோனவள். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. பொட்டலம் மடித்து வந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிற பழக்கம் இருந்ததே தவிர, ஒரு முழுப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தோம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வாய்ப்பே அமையவில்லை.

அவள் கணவரை எல்லாரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளை இல்லாத வீட்டில் இவருக்கு அவள், அவளுக்கு இவர். ஓய்வு பெற்ற கையோடு இரண்டு சிறுநீரகமும் அவரைக் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை போய்ப் படுக்க வேண்டும். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய் மெஷினைச் சுற்றிவிட்டுத் திரும்பும். ஆயுள் முழுக்க ஸ்டியரிங்கைச் சுழற்றிய கையை ஆட்டாமல் வைத்திரு என்றால் எப்படி? கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்கு ஒரேயடியாகப் படுத்துவிடலாம் என்று அவர் நர்ஸிடமே சொல்லிவிட்டார்.

காத்திருக்கும் கூடத்தில் பழைய பத்திரிகைகள் அடுக்கிய ஒரு தட்டு இருந்தது. அதன் அடியில் அட்டை கிழிந்த, செங்கல் போன்ற ஒரு புத்தகம். அமெரிக்க அரசியல் வரலாறு, தமிழில். யார் விட்டுப்போனார்களோ தெரியாது. டெய்லரம்மா அதை எடுத்ததற்கு ஒரே காரணம்தான்: இருந்ததிலேயே அதுதான் தடிமன். நாலு மணி நேரத்துக்கு இது தாங்கும் என்று நினைத்தாள். மெஷின் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து டிரைவருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினாள்.

முதல் சில பக்கங்கள் கல்லும் முள்ளுமாக இருந்தன. சட்டம் போட இரண்டு சபை எதற்கு என்று அவளுக்கே புரியவில்லை. பிறகு தன் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டாள். ஒருத்தர் அளவெடுத்தாலும் இன்னொருத்தர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டாலும் மேலே இருப்பவர் வேண்டாம் என்று சொல்லலாம். அதுவரை துணி துணியாகவே கிடக்கும். டிரைவருக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. பஸ் டெப்போவின் தொழிற்சங்கத் தேர்தலில் நின்று நின்று தோற்றவர் அவர். ஓட்டு, கூட்டு, காலை வாருதல் எல்லாம் அத்துப்படி.

நான்கு பேர் போட்டியிட்ட ஒரு தேர்தல் வந்தது. அதிக ஓட்டு வாங்கிய ஜாக்சனுக்கு அறுதிப் பெரும்பான்மை இல்லை. சபை கூடி, அடுத்து நின்ற ஆடம்ஸை உட்கார வைத்தது. அதற்குக் கை கொடுத்த, அதே போட்டியில் தோற்றிருந்த கிளேவுக்கு ஆடம்ஸ் பெரிய பதவி கொடுத்தார். இதை வாசித்ததும் டிரைவருக்கு வந்த கோபத்தில் ரத்த அழுத்தம் ஏறி மெஷின் கத்தத் தொடங்கிவிட்டது. ஓடிவந்த நர்ஸிடம், எங்க டெப்போவிலும் இதேதான் நடந்தது சிஸ்டர், நியாயமா சொல்லுங்க என்று முறையிட்டார். இதெல்லாம் எப்போது நடந்தது என்று நர்ஸ் கேட்டாள். இருநூறு வருஷம் இருக்கும் என்று டெய்லரம்மா சொன்னதும், அப்படியானால் கொஞ்சம் ஆறட்டும், கையை நேராக வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று முதல் அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப முரண்டு பிடிப்பதில்லை. அடுத்தது என்ன என்று தெரிய வேண்டும். வீட்டில் வாசித்துக் காட்டு என்பார். டெய்லரம்மா அசைய மாட்டாள். மெஷினில் ஏறினால்தான் கதை. இஸ்திரிப்பெட்டி சூடேறும் நேரத்தில் அவள் மட்டும் முன்னாலேயே வாசித்து, வாயில் நுழையாத பெயர்களைப் பழகி வைத்துக்கொள்வாள்.

அந்த நாட்களில் பெரிய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். டிரைவரின் இருதயம் பலவீனமாக இருக்கிறது, மாற்றுச் சிறுநீரக ஆபரேஷனை அது தாங்காது, இனிக் கடைசிவரை மெஷின்தான் என்று சொன்னார். அவர் நல்ல மனிதர். சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வெளியே வந்தவளிடம் டிரைவர், என்ன சொன்னார் என்று கேட்டார்.

"கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கச் சொன்னாருங்க. அப்புறம் ஆபரேஷன்."

இந்தப் பொய்யைச் சொல்லும்போது அவள் கடவுளிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். பயந்தவர்கள் சொல்லும் பொய்யைக் கடவுள் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார் என்பது அவள் நம்பிக்கை. பொறுத்துக்கொள்வார்தான். ஆனால் பொய் தன் வேலையைச் செய்யாமல் இருக்காது.

கதை லிங்கனிடம் வந்தது. தேர்தல்களில் தோற்றுத் தோற்று மேலே வந்த மனிதர் என்றதும் டிரைவர் அவரைச் சொந்தக்காரர் ஆக்கிக்கொண்டார். பெயர் சொல்வதே இல்லை. நம்ம ஆள் என்பார். ஜெயித்த பிறகும் பதவியேற்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் அடிமை வைத்திருந்த தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போகின்றன, இவரால் விரலை அசைக்க முடியவில்லை. இதைக் கேட்டபோது டிரைவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். போர் வந்தது. ஊரே திட்டியது, நம்ம ஆள் நாற்காலியை விட்டு எழவில்லை. அவ்வளவு பேச்சையும் வாங்கிக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கிறான், நான் நாலு மணி நேரம் படுக்க மாட்டேனா என்று டிரைவர் ஒருநாள் தானாகவே சொன்னார். டெய்லரம்மா அன்று கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

அதற்குப் பிந்திய ஒரு மதியம், பாதி தைத்த காலரை மடியில் போட்டபடி அடுத்த பகுதியை முன்னாலேயே வாசித்துக்கொண்டிருந்தவள் அந்த நாடகக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள். போர் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மனிதர் மனைவியோடு நாடகம் பார்க்கப் போயிருக்கிறார். பின்னாலிருந்து சுட்டுவிட்டான் ஒருவன். டெய்லரம்மாவுக்கு இது அதுவரை தெரியாது. யாரும் அவளிடம் சொன்னதில்லை. வாய்விட்டு அழுதுவிட்டாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி பதறிக்கொண்டு வந்தாள். "யாரு அக்கா தவறிட்டாங்க?"

"ஜனாதிபதி."

"எந்த ஜனாதிபதி? டி.வி.யில ஒண்ணும் சொல்லலையே."

விஷயம் தெரிந்ததும் அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் டெய்லரம்மாவின் அழுகை அந்த மனிதருக்காக மட்டும் இல்லை. நம்ம ஆளைக் கொன்றுவிட்டார்கள் என்று இவரிடம் எப்படிச் சொல்வது? உட்கார்ந்திருந்தவனுக்குக் கிடைத்தது இதுதானா என்று கேட்பார். அப்புறம் மெஷினில் ஏறுவாரா?

அவள் குண்டூசியை எடுத்தாள். தைக்காத மடிப்பைக் குத்துவதுபோல அந்தப் பக்கங்களைச் சேர்த்துக் குத்தினாள்.

அடுத்த முறை கண் புத்தகத்தில் இருக்க, வாய் தன் போக்கில் போனது. நம்ம ஆள் நாடகம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். விடுதலை பெற்ற கறுப்பு மக்களுக்கு நிலம் கொடுத்தார், ஓட்டுக் கொடுத்தார், தோற்றவர்களைத் தோளில் கைபோட்டுச் சேர்த்துக்கொண்டார். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திரைக்கு அந்தப் பக்கத்துப் படுக்கையில் இருந்த பேக்கரிக்காரர் ஒருமுறை இருமினார். அவருக்கு விஷயம் தெரியும் என்று அந்த இருமலிலேயே டெய்லரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் குரல் நடுங்கியது. ஆனால் கிளம்பும்போது அவர், நல்லா வாசிக்கிறீங்க தங்கச்சி என்று மட்டும் சொன்னார்.

அப்படியே சில வாரம் ஓடியது. பிறகு எதிர்ப் படுக்கைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். இன்சூரன்ஸ் வேலை பார்த்தவர், பேச்சுத் துணைக்கு ஏங்குகிறவர். டிரைவர் அவரிடம் நம்ம ஆளின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். போர் முடிந்து எவ்வளவு அழகாக எல்லாவற்றையும் சரிக்கட்டினார் பாருங்கள் என்றார்.

"சரிக்கட்டறதுக்கு எங்க விட்டாங்க? அதான் நாடகக் கொட்டகையிலயே சுட்டுட்டாங்களே," என்றார் இன்சூரன்ஸ்காரர். அவர்மேல் தப்பில்லை. தெரிந்ததைச் சொன்னார்.

டிரைவர் மனைவியைப் பார்த்தார். ஊசி இல்லாத கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். ஒரு கையாலேயே புரட்டி, குண்டூசிகளைத் தடவிப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும் வாடகைக் காரில்தான் வாயைத் திறந்தார்.

"வேற எதையெல்லாம் குத்தி வச்சிருக்கே?"

அவள் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குமேல் அவளுக்குத் தெம்பு இல்லை. டாக்டர் சொன்னது முழுவதையும், இருதயம், ஆபரேஷன் இல்லை, கடைசிவரை மெஷின் என்பதுவரை, கார் ஓட்டுகிறவர் காதில் விழுகிறதே என்றுகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டாள். டிரைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த முறை போக வேண்டிய காலையில் அவர் கட்டிலை விட்டு எழவில்லை. குணமாகும் என்றாய், படுத்தேன். குணமாகாது என்றால் யாருக்காகப் படுப்பது என்று கேட்டார். அவள் கெஞ்சினாள். காலைப் பிடித்தாள். அவர் எழுந்துபோய், டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டு, அவள் கண்ணெதிரே குடித்தார். குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தேங்கிவிடும் என்று இத்தனை நாள் நாக்கை நனைத்து நனைத்து அளவாகக் குடித்த மனிதர். இன்னொரு டம்ளரும் மொண்டார். ஒரு மனிதன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து இன்னொருத்தி அப்படி நடுங்குவாள் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

மதியத்துக்குள் காலும் முகமும் உப்பிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். உடனே கூட்டி வாருங்கள் என்றாள் நர்ஸ். ஆனால் அவர் வேண்டாம் என்றால் கட்டி இழுத்து ஏற்ற எங்களால் முடியாது அம்மா என்றும் சொன்னாள். டெய்லரம்மா தையல் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பொய் சொன்னது நான், மூச்சு முட்டுவது அவருக்கா, இது என்ன கணக்கு கடவுளே என்று கேட்டாள். பதில் வந்ததாகத் தெரியவில்லை.

வந்தது பேக்கரிக்காரர்தான். நர்ஸிடம் விவரமும் விலாசமும் கேட்டுக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் வந்து கதவைத் தட்டினார். அன்று அவருக்கும் டயாலிசிஸ். மெஷினிலிருந்து இறங்கினால் மனிதன் பிழிந்துபோட்ட துணி. படுக்கையைத் தவிர வேறொன்றும் கேட்காது உடம்பு. அந்த உடம்போடு மாடிப்படி ஏறி வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவரைக் கட்டிலில் இருந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தார்.

புத்தி சொல்ல வந்தாயா என்று டிரைவர் கேட்டார். இல்லை என்றார் அவர். வாசிப்பு நின்றுபோனதில் அறையே வெறிச்சென்று இருக்கிறது, இத்தனை நாளும் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் படுத்திருந்தார்கள் என்றார்.

"நம்ம ஆளைச் சுட்டது உனக்கு முன்னாடியே தெரியும்ல? ஏன் சொல்லலே?"

"தங்கச்சி குரல் நடுங்குச்சு. நடுங்கற குரலைப் போய்த் திருத்துவாங்களா?"

டிரைவர், உனக்காவது குணமாகும் என்று சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டார். முதல் நாளே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அப்புறம் எதற்கு வருகிறாய் என்றார்.

"தெரியலை டிரைவர் சார். காலையில மாவு பிசையறவன் உப்பு போதுமான்னு கேட்டுக்கிட்டு நிப்பான். அதுக்குன்னு எழுந்திருக்கறேன். அதுக்குமேல யோசிச்சா எனக்கும் தண்ணி தாகம் எடுக்குது."

அவ்வளவுதான் பேசினார். எழும்போது, லிங்கன் செத்தது தனக்குத் தெரியும், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று தனக்கும் தெரியாது என்றார். சினிமா முடிந்த மாதிரி அதோடு எழுந்து போய்விட்டோம் எல்லாரும் என்று சிரித்தார். டெய்லரம்மா அவரைக் கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்டு வந்தாள்.

விடிந்தபோது டிரைவர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. "ஊசியை எடு," என்றார். "எதையும் விடாம வாசி."

அவள் வாசித்தாள். நாடகக் கொட்டகையை வாசித்தாள். மறுநாள் காலை உயிர் பிரிந்ததை வாசித்தாள். அவர் கண்ணைத் துடைக்கவில்லை. அடுத்து வந்த ஜான்சன், தோற்றவர்களிடமே ஆட்சியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்ததை வாசித்தாள். இருந்தாலும் கறுப்பு மக்கள் ஓட்டுப் போட்டார்கள், சபைகளில் போய் உட்கார்ந்தார்கள் என்று வந்தபோது அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. அதுவும் நிலைக்கவில்லை. இழுபறியான ஒரு தேர்தல். ஜனாதிபதி நாற்காலிக்காகத் தெற்கோடு ஒரு சமரசம் என்றது புத்தகம். அங்கே காவலுக்கு இருந்த ராணுவத்தைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கறுப்பு மக்களை அம்போவென்று விட்டுவிட்டார்கள். ஓட்டுப் போட வரி கட்டு, பரீட்சை எழுது என்று சொல்லி ஓட்டுரிமையைப் பிடுங்கினார்கள். போய்க் கேட்டவர்களை அடித்தார்கள், கொன்றார்கள்.

இங்கே அவளுக்கு ஒரு வரி, ஒரே ஒரு வரி, மாற்றி வாசித்துவிடலாமா என்று தோன்றியது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருப்பதை வாசித்தாள்.

"எப்ப சரியாச்சு?" என்றார்.

புரட்டிப் பார்த்துச் சொன்னாள். "சட்டத்துல சரியாக கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆயிருக்குங்க."

"அதுவரைக்கும்?"

"ஓட்டுக்குப் பேர் பதிவு பண்ற ஆபீசுக்குப் போய் நின்னிருக்காங்க. இல்லேன்னு துரத்தியிருக்காங்க. மறுபடி போயிருக்காங்க."

"அவங்கள்ல பாதிப் பேர் ஓட்டுப் போடாமலே செத்திருப்பாங்கல்ல?"

"ஆமாங்க."

"போனா கிடைக்காதுன்னு தெரிஞ்சே போனாங்களா?"

புத்தகத்தில் அது இல்லை. ஆமாம் என்று சொன்னால் இவர் கிளம்பிவிடக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றினாலும் சொல்லவில்லை. "தெரியாதுங்க. எழுதலை," என்றாள்.

அவர் வெகுநேரம் மூச்சோடு போராடிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "உனக்குப் பயமா இருக்கா?"

இத்தனை நாளில் யாரும் அவளிடம் இதைக் கேட்கவில்லை. "இருக்குங்க," என்றாள். "காலையில எழுந்ததும் உங்க மூச்சு கேக்குதான்னு பார்த்துட்டுத்தான் கண்ணையே திறக்கறேன். நீங்க இல்லாத வீட்டுல எனக்கு இருக்கத் தெரியாது."

"இதைச் சொல்லியிருக்கலாம்ல. ஆபரேஷன் ஆபரேஷன்னு கதை விட்டதுக்கு இதைச் சொல்லியிருந்தா படுத்திருப்பேனே." அவர் கட்டிலின் ஓரத்தைப் பிடித்தார். "காரைக் கூப்பிடு."

ஆஸ்பத்திரியில் அன்று அவருக்கு மெஷின் காலியில்லை. அது வேறு ஆட்களின் முறை. நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்துப் பதறினாள். டாக்டரைக் கூப்பிட ஓடினாள். படுக்கையில் ஏறத் தயாராக இருந்த பூக்கடைக்காரம்மாள் ஒருத்தி, முன்பின் தெரியாதவள், போட்ட செருப்பைக் கழற்றாமலே நின்று அவரைப் பார்த்தாள். நர்ஸ் திரும்பி வந்ததும், அவர் ஏறட்டும் சிஸ்டர், நான் அப்புறம் ஏறிக்கறேன் என்று சொல்லிவிட்டுக் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் கால் வீங்கித்தான் இருந்தது.

ஊசி குத்தும்வரை பக்கத்தில் நின்றுவிட்டு டெய்லரம்மா வெளியே வந்தாள். பெஞ்சில் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள் பூக்கடைக்காரம்மாள்.

"உங்க வீட்டுக்காரரா? குணமாயிடுவாருல்ல?"

"குணமாகாதுங்க," என்றாள் டெய்லரம்மா. "ஆனா மறுபடி வருவார்."

பூக்கடைக்காரம்மாள் தலையசைத்தாள். இரண்டு பேரும் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.